பொட்டு வைத்த டயாபிரம்

வாசல் கூட்டம்

என்னை அடிக்க ஆள் வந்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். மைக்செட் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். பேச்சு நன்றாக இருந்தால் கைதட்டல் பேசுகிறவனுக்கு. பேச்சு கேட்கவில்லை என்றால் உதை மைக்செட்காரனுக்கு.

திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை வாசல். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது, போனஸ் தகராறு. நிர்வாகம் ஏதோ ஒரு தொகை தருவதாகச் சொல்லியிருந்தது. அதை ஏற்பதா, வேலைநிறுத்தமா என்று தொழிலாளர்கள் கை தூக்கி முடிவு செய்ய வேண்டும். சங்கத் தலைவர் தணிகாசலம் ஒரு லாரியின் மேல் நின்றார். லாரிக்கு இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பு நட்டு, ஒன்றுக்கு ஒரு குழாய் ஹாரன் கட்டியிருந்தேன். இரண்டும் ஒரே மைதானத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

தலைவர் பேச ஆரம்பித்தார். இடது பக்கம் உட்கார்ந்தவர்கள் தலையாட்டினார்கள். வலது பக்கமும் தலையாட்டியது. நடுவில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"யோவ், கேக்கல!"

"வாய் மட்டும் ஆடுது நைனா, சத்தத்த காணோம்!"

நான் இடது ஹாரனுக்குக் கீழே போய் நின்றேன். கணீரென்று இருந்தது. வலது ஹாரனுக்குக் கீழே போனேன். அதுவும் கணீர். கூட்டத்துக்கு நடுவே போய் நின்றால், தலைவர் பாழுங்கிணற்றின் அடியிலிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. கொஞ்சம் நகர்ந்தால் குரல் திரும்பி வந்தது. மறுபடி நடுவுக்கு வந்தால் மறுபடி கிணறு.

ஒன்றும் புரியாமல் ஓடிப்போய் ஒரு ஹாரனின் வயரைப் பிடுங்கினேன். அவ்வளவுதான், நடுவில் இருந்தவர்களுக்கு நன்றாகக் கேட்க ஆரம்பித்தது. அப்பாடா என்று நான் பெருமூச்சு விடுவதற்குள் தலைவர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"இன்னாடா இது, ஒரு கொயா ஊமையா கீது?"

"ஒண்ணு போதும் தலைவரே, இப்போ நல்லா கேக்குது."

"ரெண்டு கட்னா ரெண்டும் கத்தணும். அந்தப் பக்கம் குந்திகினு கீறவன் மன்சன் இல்லியா?"

சமத்துவம் பேசுகிற தலைவர் கேட்கும்போது ஹாரன்களுக்குள் பாகுபாடு காட்ட முடியுமா? வயரை மாட்டினேன். நடுவில் இருந்தவர்கள் மறுபடி செவிடானார்கள். இந்த முறை மண்ணை வாரி வீசினார்கள். தலைவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "மேனேஜ்மென்ட்டு துட்ட வாங்கிகினு மைக்செட்டுக்காரன் நம்ம குரல நெரிக்கிறான்" என்று ஒரே போடாகப் போட்டார். அந்த ஒரு வாக்கியம் மட்டும் நடுவில் இருந்தவர்களுக்கும் எப்படியோ கேட்டுவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத மாட்டேன். ஆம்ப்ளிஃபயர் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முதுகைக் கொடுத்தேன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு ஒரு கீறல் இல்லை.

வாக்கெடுப்பு ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப் போயிற்று. அன்றைக்கும் எங்கள் செட்தான் வரவேண்டும், அன்றைக்கும் கேட்கவில்லை என்றால் இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தத் தெருவிலும் எங்கள் கடை ஹாரன் ஏறாது என்று தலைவர் சொல்லி அனுப்பினார்.

சீமையும் லோக்கலும்

எங்கள் கடை இராயபுரத்தில் இருந்தது. முதலாளி வேலாயுதம் அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். வட்டக் குங்குமப் பொட்டும் வெள்ளை ஜிப்பாவுமாக, சாமிக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார். சாமானுக்கு மட்டும் வைப்பார்.

ஹாரன் என்பது வெறும் தகரக் குழாய். அதன் பின்னால் திருகி வைத்திருக்கும் கனமான உருண்டைக்கு 'யூனிட்' என்று பெயர். சத்தம் அங்கேதான் பிறக்கிறது. யூனிட்டின் மூடியைக் கழற்றினால் உள்ளே காந்தமும், அதன் மேல் குமிழ் மாதிரி ஒரு மெல்லிய தகடும் இருக்கும். அதுதான் டயாபிரம். அதன் அடியில் தலைமுடியைவிட மெல்லிய கம்பிச் சுருள் ஒட்டியிருக்கும். கரண்ட் வந்தால் சுருள் துடிக்கும், கூடவே டயாபிரம் துடிக்கும். மைக்கில் எவனாவது வாயை வைத்து 'ப்பூ ப்பூ' என்று ஊதினால் டயாபிரம் கிழியும். நம் ஊரில் மைக்கைக் கண்டதும் ஊதாதவன் உண்டா?

யூனிட்டெல்லாம் சீமையிலிருந்து வந்தவை. கிழிந்தால் அதே கம்பெனி டயாபிரம் வாங்க வேண்டும் என்றால், ஏஜெண்டிடம் சொல்லி, லைசென்ஸ் கிடைத்து, கப்பல் வந்து, அதற்குள் கல்யாணம் கேட்டவன் வீட்டில் குழந்தைக்குக் காது குத்து வந்துவிடும். அதனால் லோக்கல் டயாபிரம். காலடிப்பேட்டையில் ரெஜினா அக்கா செய்து கொடுத்தாள்.

ரெஜினாவின் அப்பா ரயில்வே பட்டறையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றியவர். மகளுக்கும் அந்தக் கை வந்திருந்தது. மல் துணியை அரக்கில் நனைத்துப் பித்தளை அச்சில் அழுத்தி எடுப்பாள். அதன் அடியில் சுருளைச் சுற்றி ஒட்டுவாள். அவள் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை சரிந்து கால் போனவர். வீட்டில் அடுப்பு எரிவது இந்த டயாபிரத்தில்தான். வாங்குகிற கடை எங்கள் கடை ஒன்றுதான்.

வாடிக்கைக்காரர்களிடம் அண்ணாச்சி அதை "அசல் சீமை டயாபிரம்" என்பார். ரெஜினாவிடம் கூலி பேசும்போது "என்ன இருந்தாலும் லோக்கல்தானேம்மா" என்பார். ஒரே சாமான், கடைக்குள் வரும்போது ஒரு ஊர், வெளியே போகும்போது ஒரு ஊர்.

வாசல் கூட்டத்துக்குப் பிறகு கடையில் பெரிய விசாரணை. முதலில் அண்ணாச்சி, "மெஷின் சத்தத்துல காது போனவனுவ, அவனுவளுக்கு என்ன கேக்கும்?" என்று பார்த்தார். நான் என் காதுக்கும் கேட்கவில்லை என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "யூனிட்டுல என்ன போட்டிருந்தே?" என்றார்.

"ரெஜினாக்கா டயாபிரம். ரெண்டுலயும். ஆயுத பூஜை கழிஞ்சி ரெண்டும் கிழிஞ்சிச்சே, டப்பாவுலேர்ந்து எடுத்துப் போட்டேன்."

"பாத்தியா! லோக்கல் சாமான்! நான் அப்பமே நெனச்சேன்!"

எப்போது நினைத்தார் என்று நான் கேட்கவில்லை. மீதி டயாபிரம் இருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்து என் கையில் திணித்தார். "இத அவகிட்ட திருப்பிக் குடுத்துட்டு, இனிமே சுத்த வேண்டாம்னு சொல்லிட்டு வாலே. மூர் மார்க்கெட்ல மிலிட்டரி சாமான் கெடக்காம், நான் போய்ப் பாக்குதேன்."

"அண்ணாச்சி, அந்த வூட்ல வேற வருமானம் கெடையாது."

"எனக்கும் ஞாயித்துக்கெழமை கழிஞ்சா கெடையாதுலே."

அதுவும் நியாயம்தான். நியாயம் இரண்டு பக்கமும் இருக்கும்போது நடுவில் நிற்பவன் பாடுதான் திண்டாட்டம். நான் அன்றைக்கு இரண்டாம் முறையாக நடுவில் நின்றேன். டப்பாவைச் சைக்கிளில் கட்டினேன். என்னவோ தோன்றியது, தகராறு செய்த இரண்டு யூனிட்டையும் சாக்குப் பையில் போட்டு எடுத்துக்கொண்டேன்.

காலடிப்பேட்டை

விஷயத்தைச் சொன்னதும் ரெஜினா அக்கா கையில் இருந்த கம்பியைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்துப் போனேன். முதலில் உள்ளே கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் காதில் விழவில்லை என்று தெரிந்த பிறகுதான் கோபப்பட்டாள்.

"இன்னா முன்சாமி, வெளாட்றியா? ஒவ்வொண்ணும் ஓமத் தண்ணி குடுத்து புள்ள வளக்கற மாரி செஞ்சி குடுக்கறேன். எது ரிப்பேரு? சத்தம் வரலியா? கீறுதா?"

"ரெண்டும் நல்லா கீதுக்கா. தனித்தனியா நல்லா கீது. சேந்தா மட்டும் நடுவுல ஒண்ணும் கேக்கல. ஒண்ண புடுங்கிட்டா கேக்குது."

அவள் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். மேலே இருந்த ஒன்றை எடுத்துப் பார்த்தாள். அடுத்ததை எடுத்தாள். அதற்கடுத்ததையும் எடுத்தாள்.

"இன்னாபா இது? என் குறி எங்க?"

இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டயாபிரத்தின் விளிம்பில், எதிரும் புதிருமாக, இரண்டு சின்னப் பித்தளை நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். நாங்கள் அதைக் 'காது' என்போம். ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் ரெஜினா பிளஸ் காது மேல் சிவப்பு அரக்கில் கடுகளவு ஒரு புள்ளி வைப்பாள். நான் சிவப்புப் புள்ளி இருக்கிற காதைச் சிவப்பு வயர்ப் பக்கம் மாட்டுவேன்.

டப்பாவில் இருந்ததெல்லாம் கடுகு இல்லை. கொண்டைக்கடலை அளவு சிவப்பு. ரெஜினா கட்டை விரலால் ஒன்றைத் தேய்த்தாள். விரல் சிவந்தது, காது வெறும் பித்தளையானது.

விரலை மோந்து பார்த்தாள். "குங்குமம்" என்றாள்.

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஆயுத பூஜைக்குப் பிறகு எங்கள் கடையில் எதில்தான் குங்குமம் இல்லை? ஸ்குரூ டிரைவரில், ஈயப் பத்து வைக்கிற கம்பியில், ஆம்ப்ளிஃபயரில், தராசில், என் சைக்கிள் மணியில், எல்லாவற்றிலும் இருந்தது. டயாபிரத்தில் சிவப்பைப் பார்த்தேன், மாட்டினேன். சிவப்பில் சாமி சிவப்பு வேறு, கரண்ட் சிவப்பு வேறு என்று யார் கண்டது?

ரெஜினா டார்ச் லைட் பேட்டரி ஒன்றை எடுத்து இரண்டு துண்டு வயரைப் பிடித்தாள். ஒரு யூனிட்டின் மூடியைக் கழற்றி, என் விரலை டயாபிரத்தின் மேல் லேசாக வைக்கச் சொன்னாள். பேட்டரியின் பிளஸ்ஸை யூனிட்டின் சிவப்பு முனையில் தொட்டாள். டயாபிரம் விரலை மேலே தள்ளியது. அடுத்த யூனிட்டில் அதே மாதிரி தொட்டாள். விரலுக்குக் கீழே டயாபிரம் உள்ளே இறங்கியது.

"புரியுதா? ஒரு கதவ இந்தாண்ட நின்னு நீ தள்ற, அந்தாண்ட நின்னு நானும் தள்றேன். கதவு இன்னா பண்ணும்?"

"சும்மா நிக்கும்."

"அதான் நடுவுல குந்துனவன் காது. ஒரு ஹாரன் காத்த தள்ளசொல்லோ இன்னொண்ணு இழுத்துகினு கீது. உன் தலைவர் பேச்ச உன் தலைவர் பேச்சே முழுங்கிடிச்சி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. "என் டயாபிரத்துல தப்பு இல்ல. போய் சொல்லு" என்றாள். கண் கலங்கியிருந்தது. இரண்டாவது யூனிட்டில் காதை மாற்றி மாட்டித் தந்தாள். டப்பாவில் இருந்ததை எல்லாம் பேட்டரி வைத்துச் சோதித்தாள். ஏறக்குறைய பாதியில் குங்குமம் மைனஸ் பக்கம் இருந்தது.

அண்ணாச்சியின் சீர்

பூஜையால் வந்த கோளாறு என்று பூஜை செய்தவரிடம் சொல்வது எப்படி? வழியெல்லாம் வாக்கியம் தேடிக்கொண்டே வந்தேன். எதுவும் கிடைக்கவில்லை. நேராகவே கேட்டேன்.

"அண்ணாச்சி, டயாபிரத்துல நீங்க பொட்டு வெச்சீங்களா?"

"வச்சேன். ஏன்?"

"அதுல முன்னாடியே ஒரு சின்ன புள்ளி இருந்துச்சே?"

அண்ணாச்சி முகம் மலர்ந்தது. "ஆமாலே! நானே அசந்து போயிட்டேன். வேதக்காரப் பொண்ணு, நம்ம பூசைன்னு தெரிஞ்சி பொட்டு வச்சி அனுப்பியிருக்கா பாத்தியான்னு மனசு குளுந்து போச்சு. ஆனா பாவம், வைக்கத் தெரியல. வரிசையா எலையில அடுக்கினா, ஒண்ணுக்கு எடப் பக்கம் இருக்கு, ஒண்ணுக்கு வலப் பக்கம் இருக்கு. சீரே இல்ல. நகத்தால எல்லாத்தையும் சொரண்டிட்டு, சந்தனம் தொட்டு, எல்லாத்துக்கும் வலப் பக்கக் காதுல அழகா வச்சேன். நீ பூசணிக்கா வாங்கப் போயிருந்தே."

நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"டயாபிரத்த திருப்பி வெச்சிருந்தா புள்ளி எல்லாம் ஒரே பக்கம் வந்திருக்குமே அண்ணாச்சி!"

அண்ணாச்சி ஒரு டயாபிரத்தை எடுத்துக் கையில் சுற்றிப் பார்த்தார். டயாபிரம் வட்டமானது, வட்டத்தைத் திருப்பலாம் என்கிற உண்மை அவருக்குள் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. பேட்டரி, கதவு, தலைவர் பேச்சு எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் எழுந்து ஜிப்பாவைச் சரிசெய்துகொண்டார்.

"பூசைய குத்தம் சொல்லாதலே. அவ அழியிற மாதிரி வச்சது தப்பு. அழியாத மாதிரி வைக்கச் சொல்லு."

"அப்போ வேலை குடுக்கறீங்களா?"

"ஞாயித்துக்கெழமை கேக்கட்டும். பொறவு பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை

கம்பு நட்டு, ஹாரன் கட்டி, வயர் இழுத்துவிட்டு நேராக மைதானத்தின் நடுவில் போய் நின்றேன். உதை விழுந்தால் அங்கேதான் விழும், போகிற நேரமாவது மிச்சம். ரெஜினா அக்காவும் வந்திருந்தாள். முக்காடு போட்டுக்கொண்டு ஒரு முருங்கை மரத்தடியில், கூடையோடு, மீன் விற்க வந்தவள் மாதிரி நின்றாள். கூடையில் மீன் இல்லை.

தலைவர் "தோழர்களே!" என்றார். கணீரென்று, நடு நெற்றியில் விழுந்தது. நான் மரத்தடியைப் பார்த்தேன். ரெஜினா நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

எல்லாம் சுபம் என்று நினைத்தீர்களா? தலைவர் மேற்கொண்டு பேசினார். நிர்வாகம் தருவதாகச் சொன்னது பாதி போனஸ்தான், அதை இப்போது வாங்கிக்கொள்வோம், மீதியைப் பொங்கலுக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இனிக்க இனிக்கச் சொன்னார். போன கூட்டத்திலும் இதற்குத்தான் அடி போட்டுக்கொண்டிருந்தாராம். நடுவில் இருந்தவர்களுக்கு அன்று கேட்கவில்லை. தலைவர் முழு போனஸுக்குத் தொண்டை கிழியக் கத்துகிறார், மைக்செட்காரன் நெரிக்கிறான் என்று நம்பித்தான் அவர்கள் என் முதுகில் அவ்வளவு பாசத்தைக் காட்டியிருக்கிறார்கள்.

"இன்னாது, பாதியா?"

"இதுக்கா லாரி மேல ஏறுன? எறங்குயா கீழ!"

மறுபடி மண் பறந்தது. இந்த முறை லாரியைப் பார்த்து. பாதி போனஸுக்கு ஒரு கைகூட எழவில்லை. தலைவர் மறுநாள் நிர்வாகத்திடம் போய் மறுபடி பேச வேண்டியதாயிற்று. தீபாவளிக்கு முன் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கி வந்தார் என்று கேள்வி.

கூட்டம் கலைந்ததும் அவர் என்னிடம் வந்தார். சட்டையைத் தட்டிக்கொண்டே, "இன்னா நைனா, அன்னிக்கி மாரி கொஞ்சம் சுமாரா கட்டியிருக்கக் கூடாதா?" என்றார்.

குறி

அண்ணாச்சிக்குக் கேட்டுவிட்டது, அதாவது கூட்டத்துக்குக் கேட்டதாகக் கேள்விப்பட்டார். மூர் மார்க்கெட் பேச்சை அதோடு விட்டார். ரெஜினாவுக்கு ஒரு டஜன் டயாபிரம் சொல்லி அனுப்பினார். மன்னிப்பு, வருத்தம் எதுவும் கிடையாது. "அழியாத குறி போடச் சொல்லு" என்று மட்டும் ஞாபகப்படுத்தினார்.

அதை அப்படியே ரெஜினாவிடம் சொன்னேன். "சொரண்டுனது அவரு, அழியாத மாரி நான் வெக்கணுமா?" என்று பொரிந்து தள்ளினாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். அவள் முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு வந்தது.

அந்த டஜன் கடைக்கு வந்தது. அண்ணாச்சி ஒன்றைக் கையில் எடுத்தவர் திடுக்கிட்டுப் போனார்.

"ஏலே, என்னலே இது, சிலுவை போட்டிருக்கா!"

பிளஸ் காது பக்கத்தில், சிவப்பு அரக்கில், ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும்.

"அது பிளஸ் அண்ணாச்சி. தமிழ்ல கூட்டல் குறி."

"எனக்குத் தெரியாதாலே சிலுவை எது, கூட்டல் எது?" கையில் இருந்ததை மெதுவாக டப்பாவில் வைத்தார். "சரி, கெடக்கட்டும். அடுத்தவங்க சாமி. நகம் படாம எடுத்து மாட்டு."

அதற்குப் பிறகு எத்தனையோ ஆயுத பூஜை வந்தது. ஒவ்வொரு பூஜையிலும் அண்ணாச்சி டயாபிரத்தை இலையில் அடுக்குவார். இப்போது திருப்பித் திருப்பிச் சீராக அடுக்கக் கற்றுக்கொண்டார். சிலுவைக்கு எட்டாத தூரத்தில் சந்தனத்தைத் தொட்டு, பயபக்தியோடு ஒரு பொட்டு வைப்பார். ஒரு குறிகூட அழிந்ததில்லை. எங்கள் ஹாரன்கள் ஒன்றையொன்று முழுங்கியதும் இல்லை.

இராயபுரத்து மாதா கோயில் திருவிழாவுக்கு மைக்செட் பேச ஆட்கள் வந்தார்கள். வேறு இரண்டு கடையிலும் விசாரித்துவிட்டு வந்திருந்தார்கள். அண்ணாச்சி ஒரு யூனிட்டின் மூடியைத் தானே கழற்றி, டயாபிரத்தைக் காட்டினார். "வேற கடையில போய்ப் பாருங்க, இது இருக்கான்னு. எங்க சாமான் ஒவ்வொண்ணுலயும் உள்ள சிலுவை வச்சித்தான் அனுப்புதோம்" என்றார். வந்தவர்களில் ஒரு பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு நெகிழ்ந்துபோனார். திருவிழா எங்களுக்கு வந்தது. அதற்கடுத்து இன்னும் மூன்று கோயில் திருவிழா வந்தது. ரெஜினா வேலைக்கு ஆள் வைத்துக்கொண்டாள்.

குறி போடுகிற எந்தத் தொழிலில் இருந்தாலும் நான் சொல்வது இதுதான். விவரம் தெரிந்தவனுக்குப் புரிகிற மாதிரி போட்டால் மட்டும் போதாது. விவரம் தெரியாதவன் தொடப் பயப்படுகிற மாதிரியும் போட வேண்டும். இதை எந்த மின்சாரப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை.

திருவிழா ஆர்டர் கிடைத்த கதையைக் காலடிப்பேட்டையில் போய்ச் சொன்னபோது, ரெஜினா அக்கா கம்பி சுற்றுவதை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அது பிளஸ்னு உன் மொதலாளிக்கு இன்னும் புரியலியா?"

"நானும் எத்தினியோ வாட்டி சொல்லிட்டேங்கா."

"இனிமே சொல்லாத. புரிஞ்சிடப் போவுது. சொரண்டிடுவாரு."